தூத்துக்குடியில் ஒரு சனி, ஞாயிறு: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன வருடம் முதல் முறையாகத் தூத்துக்குடிக்கு வார இறுதிப் பயணம் போனோம். நான், என் கணவர், மலேசியாவிலிருந்து வந்திருந்த சித்தி மகள் என்று மூன்று பேர். காலை ஏழு மணிக்கு லாட்ஜ் வாசலில் நின்றபோது அறை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை முழுவதையும் திருச்செந்தூர் வரிசையிலேயே கழித்தோம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாம் என்று கடற்கரைக்குப் போனால் கரை காலியாக இருந்தது. மூன்றையும் நாங்களே தவிர்த்திருக்கலாம், யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை போனபோது எல்லாம் சரியாக அமைந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி சுற்றுலாப் பயணிகளுக்காக இயங்கும் ஊர் அல்ல, வேலை பார்க்கும் ஊர். துறைமுகம், உப்பளம், மீன்பிடிப்பு எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும். அந்த நேரத்துக்கு நீங்கள் போய் நின்றால் ஊர் கண்ணில் படும். உங்கள் வசதிக்கு எழுந்து பத்து மணிக்குக் கிளம்பினால் வெயிலும் லாரிகளும்தான் மிச்சம்.

1. எந்த வார இறுதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும், ஆனாலும் விடியலிலும் மாலையிலும் சமாளிக்கலாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ரயில் பாதை, சாலை எல்லாம் அறுந்து ஊரே துண்டானது. எல்லா வருடமும் அப்படி இருக்காதுதான். ஆனால் அந்த மாதங்களில் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முந்தைய நாள் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். கூண்டு ஏறினால் படகு கடலுக்குப் போகாது. நீங்கள் பார்க்க வந்த பாதி விஷயம் அதோடு போச்சு.

கூட்டத்துக்காகத் தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு.

பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும். அதைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் இரண்டு மாதம் முன்பே அறை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வாரம் வேண்டாம். நவராத்திரி சமயத்தில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வரும் கூட்டத்தால் திருச்செந்தூர்ச் சாலை முழுக்க நெரியும். கந்த சஷ்டி, வைகாசி விசாகம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலர் யோசிக்காத இன்னொன்று பௌர்ணமி. திருச்செந்தூர்க் கடற்கரையில் இரவு தங்குவதற்கு இப்போது பௌர்ணமிதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அது வார இறுதியில் வந்தால் தூத்துக்குடியிலும் அறை கிடைப்பது சிரமம். காலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

மீன் பிரியர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். நாட்டுப்படகுகள் போகும் என்பதால் மீனே இருக்காது என்றில்லை, விலைதான் எகிறும்.

2. டிக்கெட்: போக வேண்டியதும் திரும்ப வேண்டியதும்

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான் முதல் தேர்வு. எழும்பூரில் இரவு ஏழரை மணி வாக்கில் ஏறினால் காலை ஆறரைக்கெல்லாம் தூத்துக்குடி. திரும்பும்போது ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்பி, திங்கள் காலை அலுவலகத்துக்கு ஓடுகிற நேரத்துக்குச் சென்னையில் விட்டுவிடும். ஸ்லீப்பரில் ஒருவருக்குச் சுமார் 400 ரூபாயைத் தாண்டும், மூன்றடுக்கு ஏசியில் சுமார் 1,100 ரூபாய். பெங்களூருக்காரர்களுக்கு மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள், 2024 நவம்பரிலேயே அதை மாற்றிவிட்டார்கள். இன்னொரு விஷயம், வெள்ளி இரவு டிக்கெட் எடுத்த அன்றே ஞாயிறு டிக்கெட்டை எடுக்க முடியாது. இரண்டு நாள் கழித்துத்தான் அது திறக்கும். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பும் டிக்கெட்டை மறப்பவர்கள் நிறையப் பேர். ஞாயிறு இரவு ரயில்தான் சீக்கிரம் நிரம்பும். அதற்கு போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்.

கடைசி நேரத்தில் முடிவு செய்தால் தட்கல். பயணத்துக்கு முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்திருந்தால்தான் தட்கல் போடவே முடியும், ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் வீட்டில் அப்பாவிடம் இருக்கிறது, பழைய சிம்மில் இருக்கிறது என்றால் பத்து மணிக்குப் பதறிப் பயனில்லை. ஒரு வாரம் முன்பே சரிபார்த்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை நம்பிக் கிளம்பவும் வேண்டாம். ஸ்லீப்பரிலோ ஏசியிலோ அதை வைத்துக்கொண்டு ஏற இப்போது விடுவதில்லை.

நேரடி ரயில் கிடைக்கவில்லை என்றால் திருநெல்வேலிக்கு டிக்கெட் பாருங்கள். அங்கிருந்து தூத்துக்குடி 50 கிலோமீட்டர்தான், பேருந்து அடிக்கடி உண்டு. கோவில்பட்டியில் இறங்கியும் வரலாம், இறங்கிய கையோடு கடலைமிட்டாயும் வாங்கிக்கொள்ளலாம். வரைபடத்தைப் பார்த்து வாஞ்சி மணியாச்சி பக்கமாகத் தெரிகிறதே என்று அங்கே மட்டும் விடிகாலையில் இறங்கிவிடாதீர்கள். பெரிய ஜங்ஷன்தான், ஆனால் அந்த நேரத்தில் வெளியே வந்து வண்டி தேடுவது பெரும்பாடு.

பேருந்து என்றால் சென்னையில் கிளாம்பாக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். திங்கள் காலை திரும்பி வந்து இறங்குவதும் அங்கேதான். அங்கிருந்து வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு: விமான நிலையம் ஊருக்குள் இல்லை, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. டாக்சிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

எங்களுக்கு அடி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியக் குடிமக்களுக்கு: அறை எடுக்கும்போது தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்று போதும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் லாட்ஜில் ஏற்க மாட்டார்கள். நகல் கொடுக்க வேண்டியிருந்தால் ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள், அதை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பிரதி கையில் வைத்திருங்கள். காலை ஆறரை மணிக்கு ஜெராக்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது.

ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் காட்டுவதற்கு டிஜிலாக்கரில் இருக்கும் ஆதாரோ உரிமமோ போதும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய புகைப்படம் செல்லாது. குழந்தைகள் விஷயம்: 5 வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை. 5 முதல் 12 வயது வரை தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் உங்களோடு வருகிறாரா? அப்படியென்றால் இதைக் கட்டாயம் படியுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எந்த விடுதியும் 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' என்று வழக்கத்தில் சொல்லும் ஒன்றை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரிய ஓட்டல்களில் இது வழக்கமான வேலை. சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அதற்கான பதிவுக் கணக்கே இருக்காது. இணையத்தில் அறை பதிவு செய்து, பணமும் கட்டி, வாசலில் போய் நின்றபோது வரவேற்பில் இருந்த தம்பி சித்தி மகளின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். "ஃபாரின் பாஸ்போர்ட்னா எங்களால முடியாதுக்கா. சி ஃபார்ம் போடணும், எங்ககிட்ட அது இல்ல. பெரிய ஓட்டலா பாருங்க." அவர் மேல் தப்பில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டும். பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது, அன்றைக்கு வேறு அறை தேடி உட்கார்ந்தபோது மணி பத்தரை.

ஆகவே பதிவு செய்யும் முன் விடுதிக்கே போன் போட்டு, "எங்களோடு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒருவர் வருகிறார், சி படிவம் பதிவு செய்வீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிவு தளத்தில் பார்த்தால் இது தெரியாது. பாஸ்போர்ட், விசாப் பக்கம் இரண்டுக்கும் நகல் எடுத்து வாருங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்கள் அட்டையோடு பாஸ்போர்ட்டையும் சேர்த்தே கொண்டு வாருங்கள், அட்டை மட்டும் போதாது.

4. அறை: 24 மணி நேரமா, பகல் 12 மணியா?

போனில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது. சில விடுதிகளில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். வேறு சிலவற்றில் பகல் 12 முதல் மறுநாள் 12 வரை. காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் வகைதான் சௌகரியம். ஏழு மணிக்குப் போய்க் குளித்து, ஒரு தூக்கம் போடலாம். இரண்டாவது வகையில் பன்னிரண்டு மணி வரை வரவேற்பறையில் உட்கார வேண்டும், அல்லது 'எர்லி செக்-இன்' என்று அரை நாள் வாடகை கூடக் கேட்பார்கள்.

ஆனால் 24 மணி நேர அறையில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அறை முடிந்துவிடும், ரயிலோ இரவுதான். நாங்கள் செய்தது: விடியலிலேயே அறையைக் காலி செய்து, பைகளை வரவேற்பில் விட்டுவிட்டு ஊர் சுற்றினோம். மாலையில் முகம் கழுவவும் உடை மாற்றவும் இடம் கொடுப்பார்களா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டோம். பெரும்பாலும் சரி என்பார்கள். இன்னொரு வழி, ரயில் நிலைய ஓய்வறை. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை எங்களுக்கு ஏசி அறைக்கு ஒரு நாளைக்கு 1,600 ரூபாய் ஆனது. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு இப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22-க்கு முன் அது 12 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கில் பில் போட்டால் பணிவாகக் கேளுங்கள்.

இடம்: ரயில் நிலையம், பழைய பேருந்து நிலையம், டபிள்யூ.ஜி.சி. ரோடு, வி.இ. ரோடு சுற்றுவட்டாரத்தில் எடுத்தால் பாதி இடங்களுக்கு நடந்தே போகலாம். புதிய பேருந்து நிலையம் எட்டயபுரம் சாலைப் பக்கம் தள்ளி இருக்கிறது. வாடகை குறைவாக இருக்கிறதே என்று அங்கே எடுத்தால் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்குப் போய்விடும்.

5. ஊருக்குள் போக வர

ரயிலில் வந்தால் 'தூத்துக்குடி மேலூர்' என்ற பலகையைப் பார்த்து அவசரப்பட்டு இறங்காதீர்கள், அது முந்தைய நிலையம். தடம் முடிகிற கடைசி நிலையம்தான் உங்களுடையது.

ஆட்டோவில் மீட்டர் எதிர்பார்க்க வேண்டாம், ஏறும் முன் பேசிவிடுங்கள். பேருந்து என்றால் 'பழையதா, புதியதா' என்று கேட்டே போங்கள். திருச்செந்தூர்ப் பக்கம் போகப் பழைய நிலையம், மதுரை, சென்னை மாதிரி தூரத்து ஊர்களுக்குப் புதிய நிலையம். 'மாதா கோயில்' என்று பொதுவாகச் சொல்லாமல் பனிமய மாதா கோயில் என்று முழுதாகச் சொல்லுங்கள். ஊரில் சின்னக் கோயில் என்று ஒன்றும் உண்டு, அது திரு இருதய ஆலயம்.

6. சனிக்கிழமை மாலை திரேஸ்புரத்துக்கு

இந்த ஊரில் நான் சொல்லும் ஒரே கட்டாயம் இதுதான். மீன் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, போய்ப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மீனவர்களுக்கு ஓய்வு நாள். வாரம் முழுக்கக் கடலில் தங்கிப் பிடிக்கும் நாட்டுப்படகுகள் அந்த ஓய்வுக்காகச் சனிக்கிழமை கரை திரும்பும். அதனால் அன்றைக்குத் திரேஸ்புரம் கரையில் மீன் வரத்தும் அதிகம், கூட்டமும் அதிகம். முதல் பயணத்தில் ஞாயிறு காலை போய் ஏமாந்து நின்றோம் என்றேனே, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு லீவுல்லாம்மா, யாரு கடலுக்குப் போவா? நேத்து வந்திருக்கணும்" என்றார்.

இரண்டாம் முறை சனிக்கிழமை நாலு மணிக்குப் போனோம். படகிலிருந்து சீலாவை, அதாவது நம் வஞ்சிரத்தை, இரண்டு கையிலும் ஏந்தி இறக்குகிறார்கள். முதுகு இன்னும் நீலமும் வெள்ளியுமாக மின்னுகிறது, வெயில் பட்ட இடம் மட்டும் மங்கத் தொடங்குகிறது. மணலில் விரித்த தார்ப்பாயில் வைத்ததும் ஏலக்காரர் தொகையை ஆரம்பித்துவிடுகிறார். பத்து விநாடிக்குள் யாரோ ஒருவர் தலையை லேசாக அசைக்கிறார், முடிந்தது. அடுத்த மீன். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யார் வாங்கினார் என்பதே புரியவில்லை.

அங்கே கவனிக்க வேண்டியவை: ஏல வளையத்துக்குள் போய் நிற்காதீர்கள், மீனைத் தொட்டுப் பார்க்காதீர்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். கேட்டுவிட்டு எடுத்தால் அவர்களே மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். ஏலத்தில் மொத்தமாகத்தான் எடுக்க முடியும். நமக்கு வேண்டியது சில்லறை, அதற்கு ஓரத்தில் கூறு போட்டு விற்கும் பெண்களிடம் போங்கள். சீலா, விளைமீன், பாறை, ஊளி எல்லாம் இருக்கும். சீலா சென்னை வஞ்சிரம் விலைக்குக் குறைவாகக் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம், வரத்துக் குறைந்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும். விளைமீனும் பாறையும் குழம்புக்கு அருமையாக இருக்கும், விலையும் பாதிதான். பணமாகவே கொண்டு போங்கள். தரை ஈரமும் வழுக்கலுமாக இருக்கும், வீணாகப் போனாலும் கவலையில்லாத செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் துறைமுகம் வேறு இடம். அந்தப் படகுகள் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் அன்றன்றே திரும்பிவிடும். அந்த ஏலம் இரவில் நடக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் திரேஸ்புரமே போதும்.

7. துறைமுகம்: எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது

துறைமுக நகரத்துக்கு வந்துவிட்டுத் துறைமுகத்துக்குள் போக முடியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வ.உ.சிதம்பரனார் துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வாயிலில் நிற்கும் காவலர்களிடம் வாதாடியோ நுழைவாயிலைப் படம் எடுத்தோ வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முயல் தீவும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. அன்றைக்கு மக்களை விடுகிறார்களா என்று உள்ளூர் ஆட்டோக்காரரிடம் விசாரித்துவிட்டு வண்டி பேசுங்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. 'படகில் தீவுக்குக் கூட்டிப் போகிறேன்' என்று யாராவது தனியாக வந்து சொன்னால் மறுத்துவிடுங்கள், இறங்குவது சட்டப்படி குற்றம்.

கொழும்புக்கு இங்கிருந்து கப்பல் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இப்போது இல்லை. இலங்கைக்குப் பயணிகள் கப்பல் போவது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு.

பார்க்கக் கிடைப்பது பழைய துறைமுகப் பக்கம். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைப் பீச் ரோட்டிலிருந்தே பார்க்கலாம். மாலையில் ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை. இங்கே அலை அவ்வளவாக இருக்காது, காற்று வாங்கத்தான் சரி, குளிக்க அல்ல. பனிமய மாதா கோயில் அதே சாலையில்தான் இருக்கிறது. ஞாயிறு காலையில் திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்கப் போவது நன்றாக இருக்காது, சனிக்கிழமையே போய்விடுங்கள்.

8. ஞாயிறு விடியலில்: உப்பளம், அப்புறம் மணப்பாடு

இந்த ஒரு நாளுக்கு வாடகைக் கார் நல்லது. போக வர 120 கிலோமீட்டர் ஆகும். எங்களுக்கு ஓட்டுநர் பேட்டா சேர்த்து 3,000 ரூபாய் ஆனது. மஞ்சள் பலகை வண்டியாகக் கேளுங்கள். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை 500 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், வழியில் ஏதாவது ஆனால் பயணிகளுக்குக் காப்பீடு கிடைப்பது கடினம். காலை ஐந்தரைக்கு வரச் சொல்லி, சனிக்கிழமை இரவே ஒரு முறை போனில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திருச்செந்தூர்ச் சாலையில் முள்ளக்காடு தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் தொழிலாளர்கள் விடியும் முன்பே இறங்கிவிடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை போனால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீராகத்தான் நிற்கும். சாலையோரம் நின்று பாருங்கள். பாத்தி வரப்பில் கேட்காமல் ஏறவே கூடாது. மிதித்தால் வரப்பு உடையும், கால் தூசி உப்பில் கலக்கும், அது அவர்களுடைய கூலி. ஏழு மணிக்கு மேல் வெள்ளை அம்பாரங்களில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கண் கூசும். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கண்களையும் பாதங்களையும் ஒரு நிமிடம் கவனித்தால் அடுத்த முறை உப்பைக் கீழே சிந்த மனசு வராது.

திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு. இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். திருச்செந்தூர்த் தரிசனமும் மணப்பாடும் ஒரே ஞாயிற்றில் வேண்டும் என்றால் இரண்டும் கெடும். வார இறுதி வரிசை எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது, எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. சாமி கும்பிடுவதுதான் நோக்கம் என்றால் அதற்கென்றே ஒரு நாளை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வார நாளில் வாருங்கள். வழியில் இருக்கிறதே என்று எட்டிப் பார்க்கிற கோயில் அல்ல அது.

மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் மணல் சுடாது. சாப்பாட்டுக் கடை அதிகம் கிடையாது, தண்ணீரும் காலை உணவும் கையில் இருக்கட்டும். பேருந்தில் போகிறவர்களைச் சில வண்டிகள் முக்கிலேயே இறக்கிவிடும், உள்ளே நடக்க வேண்டியிருக்கும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா சமயத்தில் கூட்டம் அதிகம். மதியம் ஒரு மணிக்குள் திரும்பக் கிளம்பிவிடுங்கள்.

9. இரவு பரோட்டா, வீட்டுக்கு மக்ரூன்

பரோட்டாக் கடைகளை இந்த ஊர்ப் பெரியவர்கள் 'நைட் கிளப்' என்பார்கள், கேட்டுவிட்டு மிரள வேண்டாம். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றச் சொல்லி ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டு பேருக்கு 300 ரூபாய்க்குள் வயிறு நிறையும்.

மக்ரூன் இந்த ஊர் இனிப்பு. அதில் சேர்வது முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள், பார்த்தால் தெரியாது. முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டதும் விலை குறைத்து விற்கிறார்கள், எது என்று கேட்டு வாங்குங்கள். காற்றுப் பட்டால் நமத்துவிடும். கடையில் நெகிழிப் பையில்தான் போடுவார்கள், அதனால் இறுக மூடும் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கருப்பட்டி வேண்டுமென்றால் உடன்குடி மணப்பாடு போகும் பக்கம்தான், ஓட்டுநரிடம் சொன்னால் நிறுத்துவார்.

பச்சை மீனை ஐஸில் போட்டு ஏசி பெட்டியில் கொண்டு வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நள்ளிரவில் ஐஸ் உருகி எதிர் இருக்கைக்காரர் பைக்குள் இறங்கினால் சண்டைதான். கருவாடு என்றால் இரண்டு உறை போட்டு ஒட்டி வாங்குங்கள்.

10. திரும்பும் மாலை

இரண்டு பேருக்கு ரயில் ஏசியில் போக வர சுமார் 4,400, அறை 1,700, கார் 3,000, சாப்பாடும் ஆட்டோவும் 2,000. வாங்கும் பண்டங்கள் இல்லாமல் 11,000 ரூபாயைச் சுற்றி வருகிறது. ஸ்லீப்பரும் பேருந்தும் என்றால் 6,000-க்குள் முடித்துவிடலாம்.

மணப்பாட்டிலிருந்து நாலு மணிக்குள் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். ஞாயிறு மாலை திருச்செந்தூரிலிருந்து திரும்பும் வண்டிகளால் சாலை ஊர்ந்துதான் நகரும். ஐந்து மணிக்கு விடுதியில் பையை எடுத்து, முகம் கழுவி, மக்ரூன் வாங்கி, ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டால் அவசரமே இல்லை. முத்துநகர் இங்கிருந்தே புறப்படுகிற வண்டி என்பதால் நேரத்துக்கு முன்பே நடைமேடையில் நிற்கும். சீக்கிரம் ஏறிப் பைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். மக்ரூன் டப்பாவை மட்டும் அங்கே வைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.